சூப் தட்டில் மிதந்த பன்னிரண்டு வாசகங்கள்

ஃபிர்மின் டோபலார் தன் வாழ்நாளில் ஒரே ஒரு சைக்கிள் பந்தயத்தில்தான் ஓட்டியிருக்கிறார். அப்போது அவருக்குப் பதினேழு வயது. ஹோலேகெம் ஊர்த் திருவிழாப் பந்தயம், ஊரைச் சுற்றிப் பதினோரு சுற்று. எட்டாவது சுற்றில், எல்லோருக்கும் பின்னால் தனியாக மிதித்துக்கொண்டு வந்தவர், திருப்பத்தில் கொடி பிடித்து நின்ற ஆள் மூக்கைச் சிந்துவதற்காகக் கொடியை இடது கைக்கு மாற்றியதைப் பார்த்து இடது பக்கம் திரும்பிவிட்டார். பீட்ரூட் வயல்களுக்கு நடுவே அரைமணி நேரம் அலைந்து, கடைசியில் எல்லைக்கோட்டை எதிர்ப்பக்கமாக வந்து தாண்டினார். ஜெயித்தவனும் அதே நொடியில் சரியான பக்கமாக வந்து தாண்டினான். இரண்டு பேரும் மோதிக்கொள்ளாதது மாதாவின் கருணை. நடுவர்கள் கூடிப் பேசி, ஃபிர்மினுக்கு எந்த இடமும் கொடுப்பதற்கில்லை, ஆனால் முகம் துடைக்க ஒரு துண்டு கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் ஔடெனார்டே பக்கத்தில் ஒரு கம்பள ஆலையில் வேலைக்குச் சேர்ந்து முப்பத்தெட்டு வருடம் அங்கேயே இருந்தார். வேலை, குறை பார்ப்பது. வெளிச்சம் போட்ட மேஜைமேல் கம்பளம் மெதுவாக நகர்ந்து வரும். விட்டுப்போன முடிச்சு, நிறம் மாறிய இழை, கோணிய பூ, எதுவாக இருந்தாலும் ஃபிர்மின் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. விருந்துக்குப் போன வீட்டில் சுவர்க் காகிதம் எந்த மூலையில் பொருந்தவில்லை என்று சொல்லுவார். தேவாலயத்தில் பிரசங்கம் நடக்கும்போது தரை ஓடுகளை எண்ணுவார்.

"இவ்வளவு குறை பாக்கறவர் என்னைக் கட்டிக்கிட்டப்போ எப்படிச் சும்மா விட்டார்னுதான் எனக்குப் புரியல" என்பார் அவர் மனைவி லுட்கார்ட்.

"அன்னிக்கு வெளிச்சம் பத்தல" என்பார் ஃபிர்மின்.

லுட்கார்ட் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். நாற்பது பிள்ளைகளின் கூச்சலைத் தாண்டி, கடைசி வரிசையில் இருப்பவனை உட்கார வைக்கும் குரல் அவருக்கு. வீட்டிலும் அந்தக் குரலை அவர் கழற்றி வைப்பதில்லை.

ஓய்வு பெற்றதும் ஃபிர்மினுக்குக் கிடைத்த வேலைதான் பஞ்சர் டயர். அது ஊர் மையத்தில் நோயெலா நடத்தும் கஃபேயின் பெயர். ஜனவரியில் சாலைப் பந்தயம் எதுவும் கிடையாது. சைக்கிளைப் பற்றிப் பேசாமல் ஹோலேகெம் ஆண்களால் ஒரு வாரம்கூட இருக்கவும் முடியாது. அதனால் அங்கே வருடாவருடம் பொம்மைப் பந்தயம் நடக்கும். ஆறு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் ஊரின் எல்லாச் சாலைகளும் வரைந்த பலகையை விரிப்பார்கள். விரல் நீள ஈய வீரர்கள் தாய உருட்டலுக்குத் தகுந்தபடி நகர்வார்கள். பன்னிரண்டு அணிகள். ஒவ்வொரு அணிக்கும் மூன்று வீரர்கள், கூடவே ஒரு சின்ன வேன். ஒவ்வொரு அணிக்கும் ஊர்க் கடைக்காரர் ஒருவர் புரவலர். வேனின் பக்கவாட்டில் கடையின் பெயரும் அதற்குக் கீழே கடையின் வாசகமும் இருக்க வேண்டும். பந்தயம் தொடங்குவதற்கு முன் வேன்கள் ஊர்வலமாகப் போகும். அந்தப் பெயரையும் வாசகத்தையும் ஒட்டித் தருவது ஃபிர்மினின் பொறுப்பு.

இதை லுட்கார்ட் ஸ்டிக்கர் என்பார். அந்தச் சொல்லைக் கேட்டாலே ஃபிர்மினுக்குச் சுருக்கென்று இருக்கும்.

"ஸ்டிக்கர் இல்ல, லுட்கார்ட். ஸ்டிக்கருக்குப் பின்னாடி பசை இருக்கும், தடியா இருக்கும், ஓரம் தெரியும். இது ஒட்டுப்படம். தண்ணில போட்டா காகிதத்துலேர்ந்து படலம் மட்டும் நழுவி வரும். வேன்மேல வச்சா பெயிண்ட்ல எழுதின மாதிரி இருக்கும்."

"சரி, நழுவுற ஸ்டிக்கர்."

கடையில் விற்கும் ஒட்டுப்படங்களில் பெரிய ஊர்க் கம்பெனிகளின் பெயர்கள் இருக்கும். ஹோலேகெம் கறிக்கடையின் பெயர் எந்த நாட்டுப் பெட்டியிலும் கிடைக்காது. அதனால் ஃபிர்மின் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொண்டார். அதற்கென்று விற்கும் வழுவழுப்பான காகிதத்தில் சாதாரண வீட்டு பிரிண்டரில் அச்சிட வேண்டும். மை காய்ந்ததும் மூன்று தடவை வார்னிஷ் தெளிக்க வேண்டும். நகக் கத்தரியால் எழுத்தை ஒட்டி வெட்ட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம். பிறகு தூரிகையால் நகர்த்தி, இடத்தில் உட்கார வைத்து, மேலே வினிகரைத் தொட்டு மிருதுவாக்கி, பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும்.

சொல்வதற்கு இவ்வளவுதான். முதல் வருடம் வார்னிஷ் தெளிக்க மறந்து தண்ணீரில் போட்டார். மை கரைந்து பன்னிரண்டு கடைகளின் பெயர்களும் ஒரே ஊதாக் கஞ்சியாயின. விரல்களில் ஏறிய ஊதா புனித வெள்ளிவரை போகவில்லை. இரண்டாம் வருடம் படலத்துக்கு அடியில் காற்று சிக்கி, எழுத்தைச் சுற்றி மீன் செதில்போல் மினுக்கியது. அதே வருடம் காய்வதற்காகச் சமையல் மேஜையில் வைத்த, வீரர் முதுகில் ஒட்டும் ஓர் எண்மேல் லுட்கார்ட் முழங்கையை ஊன்றிவிட்டு வேலைக்குப் போனார். அன்று முழுக்கப் பஸ்ஸில் ஏறிய பிள்ளைகளெல்லாம் அவரைப் பதினாலாம் நம்பர் என்று கூப்பிட்டார்கள். ஏன் என்று அவருக்குச் சாயங்காலம் குளிக்கும்போதுதான் தெரிந்தது.

ஆனால் நான்காம் வருடம் ஃபிர்மினுக்குக் கை படிந்துவிட்டது. காற்றுக் குமிழ் இல்லை, மடிப்பு இல்லை, ஓரம் தெரியவில்லை. வேன்களின் பக்கங்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கம்பளத்தில் இப்படி ஒன்று வந்திருந்தால் வட்டமே போட்டிருக்க மாட்டேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஐந்தாம் வருடம்தான் அது நடந்தது.

பந்தயம் ஞாயிறு மதியம். வெள்ளிக்கிழமை ஃபிர்மின் கார் ஷெட்டில் நின்று வார்னிஷ் தெளித்தார். வெளியே பனி; கதவைத் திறந்து வைக்க மனமில்லை. தெளித்து முடித்தபோது ஒட்டுப்படங்களின்மேல் மூன்று பூச்சு, அவருடைய மூக்குக் கண்ணாடியின்மேல் மூன்று பூச்சு. உலகம் முழுக்கப் பால் கலந்த மாதிரி தெரிந்தது. வார்னிஷை எடுக்க என்ன வழி என்று யோசித்து, லுட்கார்டின் நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தார். வார்னிஷ் போய்விட்டது. பிளாஸ்டிக் கண்ணாடியின் மேல்தோலும் சேர்ந்து போய்விட்டது.

"இது குளியலறை ஜன்னல்ல போடற கண்ணாடி மாதிரில்ல இருக்கு" என்றார் லுட்கார்ட், அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து.

"பழைய கண்ணாடி இருக்குமே?"

"தேவாலயத்துல நன்கொடைப் பெட்டில போட்டாச்சு. இந்நேரம் வேற யாரோ அதுல நல்லாப் பாத்துக்கிட்டிருப்பாங்க. புதுசு செவ்வாக்கிழமைதான் வரும்."

"பந்தயம் ஞாயித்துக்கிழமை."

"நாளைக்கு நான் ஔடெனார்டேக்குக் கடைக்குப் போறேன். அஞ்சு மணிக்கு வந்துருவேன். வந்ததும் நான் படிச்சுச் சொல்றேன், நீ ஒட்டு. அதுவரைக்கும் எதையும் தொடாதே. கேட்டுதா?"

கேட்டது. தெருவுக்கே கேட்டது.

ஆனால் சனிக்கிழமை இரண்டு மணிக்கு வீடு அமைதியாக இருந்தது, வெட்டிய ஒட்டுப்படங்கள் மேஜைமேல் வரிசையாக இருந்தன, ஃபிர்மினுக்குக் கை குறுகுறுத்தது. கடைப் பெயர்கள் பெரிய எழுத்து. மூக்கை வேனில் உரசினால் அவரால் படிக்க முடிந்தது. பன்னிரண்டு பெயர்களையும் பிசகில்லாமல் ஒட்டிவிட்டார். மீதி வாசகங்கள்தான். எழுத்து ஒவ்வொன்றும் கடுகைவிடச் சின்னது. இருந்தாலும் எது எந்தக் கடையுடையது என்று அவருக்குத் தெரியும், அவர்தானே வரிசையாக வைத்தவர். எப்போதும் ஒவ்வொன்றாகத்தான் நனைப்பார். அன்றைக்கு ஐந்து மணிக்குள் முடித்துக் காட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில், சூப் தட்டில் தண்ணீர் ஊற்றி, பன்னிரண்டையும் சுற்று வட்டமாக, கடிகார முள் போகும் திசையில் வைத்தார். அரை நிமிடம்தானே.

அப்போது தொலைபேசி அடித்தது. அவருடைய அண்ணன். அண்ணன் வீட்டுக் கூரையின் மழைநீர்க் குழாய் உடைந்துவிட்டது. உடைந்த விதம், உடைந்த நேரம், போன தடவை உடைந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், குழாய்க்காரன் சொன்னது, அதற்கு அண்ணன் திருப்பிச் சொன்னது, குழாய்க்காரனுடைய அப்பா எப்படிப்பட்டவர் என்பது வரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஃபிர்மின் திரும்பி வந்தபோது இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

காகிதங்கள் தட்டின் அடியில் கிடந்தன. பன்னிரண்டு வாசகங்களும் காகிதத்தை விட்டுக் கழன்று, சேமியாபோல் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தன.

ஃபிர்மின் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். மணி மூன்று. லுட்கார்டுக்குக் காத்திருப்பதுதான் நியாயம். ஆனால் படலம் ரொம்ப நேரம் ஊறினால் பசை முழுக்கக் கரைந்து பிறகு எதிலும் ஒட்டாது. இன்னொரு தாள் அச்சிடலாம் என்றால் வார்னிஷ் டப்பா காலி. அதைவிட, லுட்கார்ட் வந்து தட்டை எட்டிப் பார்த்து என்ன சொல்லுவார் என்பது அவருக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் அவருக்குள் கம்பள ஆலைக்காரர் விழித்தார். எழுத்து தெரியாவிட்டால் என்ன, நீளம் தெரியுமே! வாசகங்களை வடிவமைத்தவரே அவர்தான். மோட்டார் பட்டறையுடையது குட்டை. பூக்கடையுடையது இரண்டு வரி. கறிக்கடைக்காரர் மார்னிக்ஸுடையது எல்லாவற்றிலும் நீளம். தூரிகையால் ஒவ்வொன்றாகத் தூக்கி, அளவுகோலில் வைத்து, விரலால் தடவி, வேனில் ஏற்றினார். வினிகர் தொட்டு, பஞ்சால் ஒற்றி, மேலே மிச்சமிருந்த ஒரு துளி பளபளப்புப் பூச்சையும் தூரிகையால் தடவினார். நாலரை மணிக்கு எல்லாம் முடிந்தது.

கறிக்கடை வாசகமும் முடிதிருத்தும் அன்னமீயின் வாசகமும் ஒரே நீளம் என்பது மட்டும் அவருக்கு நினைவில் வரவில்லை. அப்படி ஒரே நீளத்தில் இன்னும் ஐந்து இருந்தன.

ஐந்து மணிக்கு வந்த லுட்கார்ட், பெட்டிக்குள் அடுக்கி மூடிவைத்த வேன்களைப் பார்த்தார்.

"தொடாதேன்னு சொன்னேன்."

"முடிஞ்சுது. ஒரு குமிழ் இல்ல."

"யாரு படிச்சா?"

"படிக்க என்ன இருக்கு? நான் எழுதினதுதானே."

லுட்கார்டின் கையில் நான்கு பைகள் இருந்தன. காலில் ஈர பூட்ஸ். பெட்டியைத் திறந்து பார்க்க அவருக்கு அலுப்பாக இருந்தது. பின்னால் ஊருக்கெல்லாம் அதைத்தான் சொல்லி மனம் வருந்தினார்: "ஒரே ஒரு வேனை எடுத்துப் பாத்திருக்கலாம். பூட்ஸைக் கழட்டப் போயிட்டேன்."

ஞாயிறன்று பஞ்சர் டயரில் நிற்க இடமில்லை. சீஸ் துண்டுகளும் கடுகுச் சாந்தும் கைகைக்கு மாறின. அந்த வருடம் நோயெலா ஒரு புதுமை செய்திருந்தார். பலகையின் பக்கத்தில் ஒரு கேமராவைக் கட்டி, அதில் தெரிவதைச் சுவரில் பெரிதாக விழும்படி செய்திருந்தார். பின்வரிசையில் இருப்பவர்களும் இனி எழுத்தெழுத்தாகப் படிக்கலாம். முதல் பரிசான முழுப் பன்றித்தொடை, வழக்கம்போல மார்னிக்ஸின் நன்கொடை, கல்லாவுக்கு மேலே சிவப்பு ரிப்பனோடு தொங்கியது.

ஒலிபெருக்கியில் ஆகீல். ஞாயிறு பூசையில் வேதப் பகுதி வாசிப்பவரும் அவர்தான். அவருக்கு ஒரு குணம்: கண் முன்னால் எது வந்தாலும் அதே குரலில், அதே நிதானத்தில் வாசித்துவிடுவார். பொருளைப் பற்றிப் பிறகு வீட்டுக்குப் போய் யோசிப்பார்.

ஃபிர்மின் வேன்களை ஒவ்வொன்றாக உருட்டினார். முதலில் மோட்டார் பட்டறை. சரி. பூக்கடை. சரி. அடுத்த மூன்றும் சரி. ஆறாவதாக ரொட்டிக்கடை வேன் சுவரில் யானை அளவுக்கு வந்து நின்றது.

"லீவென்ஸ் ரொட்டிக்கடை" என்று வாசித்தார் ஆகீல். "வாடை வந்தால் எங்களைக் கூப்பிடுங்கள்."

எங்கோ ஒருவர் களுக்கென்றார். ரொட்டிக்கடைக்காரர் சீஸை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். ஃபிர்மினுக்குக் காதில் ஏதோ தப்பாக விழுந்ததுபோல இருந்தது. கை மட்டும் பழக்கத்தில் அடுத்த வேனை உருட்டியது. கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்கிறவருடைய வேன்.

"தினமும் சுடச்சுட, உங்கள் வாசலில்."

இப்போது பின்வரிசை முழுக்க வெடித்தது. ஃபிர்மின் ஆகீலைப் பார்த்து, நிறுத்து என்று கையை ஆட்டினார். இன்னும் வேகமாக உருட்டு என்கிறார்போல என்று நினைத்த மோட்டார் பட்டறைக்காரர், உதவியாக அடுத்த மூன்று வேன்களையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்.

"அன்னமீ முடிதிருத்தகம். காலையில் வெட்டுவோம், கிலோ கணக்கில் தருவோம்."

"ஐயோ!" என்று அன்னமீயின் குரல் கேட்டது.

"மார்னிக்ஸ் கறிக்கடை. உள்ளே போனவர் வேறு ஆளாக வெளியே வருவார்."

"மெத்தை மாளிகை. பயம் வேண்டாம், பிரேக் எங்கள் காலடியில்."

கண்ணாடி டம்ளர் ஒன்று கீழே விழுந்து உடைந்தது. நோயெலா கல்லாவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வேன் வந்தது.

"கடைசிப் பயணத்திலும் கண்ணியம்" என்று ஆகீல் குரல் தழுதழுக்க வாசித்தார். அந்த இடத்தில் தழுதழுப்பதுதான் பொருத்தம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. சிரிப்பு சட்டென்று அடங்கியது. ஓரமாக, தனி மேஜையில், கறுப்புக் கோட்டில் உட்கார்ந்திருந்த ரைன்ஹில்டே பக்கம் எல்லாக் கண்களும் திரும்பின. ரைன்ஹில்டே ஊரின் சவ அடக்க ஏற்பாட்டாளர். அங்கிருந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு தடவையாவது வந்து, மெல்லிய குரலில் பேசிவிட்டுப் போனவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஃபிர்மின் கடைசி வேனைக் கையால் மூடிக்கொண்டார். கேமராவில் அவருடைய ஐந்து விரல்கள் மட்டும் தூண்களைப்போலத் தெரிந்தன.

"கையை எடுங்க, ஃபிர்மின்" என்றார் ரைன்ஹில்டே. "பணம் குடுத்திருக்கேன்ல."

கை விலகியது. ஆகீல் தொண்டையைச் செருமினார்.

"ரைன்ஹில்டே அடக்கச் சேவை. ஒருமுறை படுத்தால் எழ மனம் வராது."

ரைன்ஹில்டே தன் பீரை ஒரு வாய் குடித்தார். உதட்டைத் துடைத்தார்.

"இதுவரைக்கும் யாரும் எழுந்து வந்து புகார் சொல்லலியே" என்றார்.

அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை. ஆகீல்கூடச் சிரித்தார், அப்போதுதான் வீட்டுக்குப் போகாமலேயே அவருக்குப் பொருள் புரிந்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஃபிர்மின். இன்னொருவர் மார்னிக்ஸ்.

மார்னிக்ஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தன் வேனைப் பலகையிலிருந்து தூக்கினார். அவரும் ஃபிர்மினும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"ஏண்டா ஃபிர்மின், உள்ள போனவன் வேற ஆளா வெளிய வருவான்னா என்னடா அர்த்தம்? மனுஷனையா அரைச்சு விக்கிறேன்?"

"மாத்தி ஒட்டிட்டேண்டா. தட்டுல கலந்து போச்சு."

"எங்க அப்பா காலத்துக் கடை! நாளைக்கு எவன் வந்து கொத்துக்கறி கேப்பான்?"

சொல்லிக்கொண்டே வாசகத்தை நகத்தால் சுரண்டினார். வரவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். வரவில்லை. பீரில் நனைத்த கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தார். ஓரம்கூடக் கிளம்பவில்லை. அவமானத்தில் காது சிவந்து நின்ற ஃபிர்மினுக்கு, அந்த நிலைமையிலும் நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

"வராதுடா" என்றார், தன்னையறியாமல். "வினிகர் தொட்டு ஒட்டினது. எப்படி உக்காந்திருக்கு பாத்தியா?"

அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது. மார்னிக்ஸ் வேனைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நேராகக் கல்லாவுக்குப் போனார், ஸ்டூலில் ஏறினார், பன்றித்தொடையை ரிப்பனோடு கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்.

பரிசு இல்லாமல் பந்தயம் எப்படி நடக்கும்? கூட்டம் முணுமுணுத்தது. சமாதானம் பேசப் போன நோயெலாவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகீல் ஒலிபெருக்கி வழியாக மன்னிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். மார்னிக்ஸ் கதவு வரைக்கும் போய்விட்டார்.

அப்போதுதான் பஸ் குரல் எழுந்தது.

"மார்னிக்ஸ்! உக்காரு!"

மார்னிக்ஸ் உட்கார்ந்துவிட்டார். எதன்மேல் உட்காருகிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை. அது வேறொருவருடைய மடி. லுட்கார்ட் அவர் முன்னால் போய் நின்றார்.

"தப்பு எங்க வீட்டுத் தப்பு. உனக்கு என்ன வேணும்னு சொல்லு. தொடையைத் தூக்கிக்கிட்டு ஓடறது என்ன பழக்கம், சின்னப் பிள்ளையாட்டம்?"

மார்னிக்ஸ் தொடையைத் தடவியபடி யோசித்தார்.

"வர்ற சனிக்கிழமை இவன் என் கடைல வந்து நிக்கணும். எட்டு மணிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும். வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும், அது என் வாசகம் இல்ல, நான்தான் முட்டாள்தனமா மாத்தி ஒட்டினேன்னு இவன் வாயால சொல்லணும்."

"சொல்லுவார்" என்றார் லுட்கார்ட்.

"என்னையும் ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தார் ஃபிர்மின்.

"சொல்லுவார்."

தொடை மீண்டும் மேலே ஏறியது. பந்தயம் நடந்தது. கழிவுநீர்த் தொட்டி அணி கடைசித் தாயத்தில் ஆறு போட்டு ஜெயித்தது. பரிசைக் கொடுக்கும்போது ஆகீல், "சுடச்சுட உங்கள் வாசலில்" என்று இன்னொரு தடவை வாசித்தார். அவரை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை எட்டு மணிக்கு ஃபிர்மின் புதுக் கண்ணாடியும் கோடு போட்ட ஏப்ரனுமாகக் கறிக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றார். எட்டரைக்கு வரிசை தெருமுனை தாண்டியது. பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். ஃபிர்மின் ஒவ்வொருவரிடமும் சொன்னார்: "அது கடையோட வாசகம் இல்லீங்க. நான்தான் முட்டாள்தனமா மாத்தி ஒட்டிட்டேன்." ஒவ்வொருவரும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். பிறகு மார்னிக்ஸ் பக்கம் திரும்பினார்கள்.

"அரைக் கிலோ கொத்துக்கறி. யாரு இது? எனக்குத் தெரிஞ்சவரா?"

"தபால்காரரை ரெண்டு நாளா காணோம். சாஸேஜா இருந்தா மெலிசாப் போடுங்க."

"என் வீட்டுக்காரரை உள்ள அனுப்பறேன், கொஞ்சம் நல்லவரா வெளிய அனுப்புவீங்களா?"

ஒன்பது மணிவரை மார்னிக்ஸ் பல்லைக் கடித்தார். பத்து மணிக்குக் கொத்துக்கறி தீர்ந்தது. பதினொன்றுக்குச் சாஸேஜ் தீர்ந்தது. பதினொன்றரைக்கு, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு வந்த பாதிரியார், "இது நம்ம மறைமாவட்டத்து ஆள்தானே?" என்று கேட்டபோது மார்னிக்ஸ் திரும்பிக்கொண்டு குளிர் அறைக்குள் போனார். உள்ளேயிருந்து ஏதோ விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று ஃபிர்மினால் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே வந்தபோது மார்னிக்ஸின் முகம் பழையபடி கடுகடுவென்றே இருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஏப்ரனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒரு பொட்டலத்தை ஃபிர்மினின் கையில் திணித்தார்.

"இனிமே என் வேனை நீ தொடக் கூடாது" என்றார். பிறகு, "அடுத்த வருஷம் எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசாப் போடு" என்றார். இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது என்று ஃபிர்மின் கேட்கவில்லை. பொட்டலத்தில் நல்ல மாட்டிறைச்சி இருந்தது.

ஆனால் ஃபிர்மின் தூரிகையைத் தொடவில்லை. சூப் தட்டு அலமாரிக்குள் போனது. மாலையில் பூட்ஸ்களுக்குப் பாலிஷ் போட்டார், அண்ணனுக்குத் தானாகவே போன் செய்தார். இரண்டாவது வாரம் லுட்கார்டுக்கே பயமாகிவிட்டது.

அந்த வாரம் புதன்கிழமை மதியம் வாசல் மணி அடித்தது. கறுப்புக் கோட்டில் ரைன்ஹில்டே. கையில் ஒரு காலணிப் பெட்டி.

லுட்கார்டின் முகம் வெளுத்தது. "யாரு... யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஃபிர்மினைப் பாக்கணும்."

சமையல் மேஜைமேல் பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சு சுற்றிய ஏழு சவ ஊர்திகள். குதிரை வண்டியிலிருந்து இன்றைய நீளக் கார் வரை, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு, கறுப்பு பெயிண்ட் கண்ணாடிபோல மின்னியது. ஜன்னல்களுக்குள்ளே திரைச்சீலை. ஒன்றின் உள்ளே பெட்டிமேல் மலர்வளையம்கூட இருந்தது. ஒவ்வொரு இதழும் தனித்தனியாக.

"நீங்க செஞ்சதா?" என்றார் ஃபிர்மின். புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். குறை தேடினார். கிடைக்கவில்லை.

"பதினாறு வருஷமாச் செய்றேன். யார்கிட்டயும் காட்டினதில்ல. எங்க தொழில்ல இருக்கறவ பொம்மை வச்சு விளையாடறான்னா ஊர் என்ன சொல்லும்? ஆனா அன்னிக்கு மார்னிக்ஸ் அப்படிச் சுரண்டியும் உங்க எழுத்து வரலையே, அதைப் பாத்தேன். இதுங்க பக்கவாட்டுல எங்க தாத்தா பேரும் அவர் தொழில் ஆரம்பிச்ச வருஷமும் வரணும். வெள்ளை எழுத்து."

ஃபிர்மின் உதட்டைப் பிதுக்கினார். "வீட்டு பிரிண்டர்ல வெள்ளை மை கிடையாதுங்க. வெள்ளைன்னா காகிதம் விட்ட இடம்தான்."

காபி வந்தது, ஆளுக்கு ஒரு தயிர் கேக்கும் வந்தது.

"அப்போ எழுத்தை விட்டுட்டுச் சுத்தி இருக்கற கறுப்பை அடிச்சா என்ன?" என்றார் லுட்கார்ட், வாயில் கேக்கோடு.

ஃபிர்மின் அவரைப் பார்த்தார். வெள்ளைப் படலத்தில் கறுப்புக் கட்டம் அச்சிட்டு, எழுத்தின் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டால், எழுத்து வெள்ளையாக நிற்கும். வெட்டிய ஓரத்தில் கறுப்பு பெயிண்டைத் தொட்டுவிட்டால் கட்டம் தெரியாது. இதை ஐந்து வருடத்துக்கு முன்பே யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.

"ஸ்டிக்கர்காரி" என்றார் லுட்கார்டைப் பார்த்து. அவருடைய அகராதியில் அன்றைக்கு அது பாராட்டு.

ஆனால் பிரிண்டரின் கறுப்பும் ரைன்ஹில்டேயின் கறுப்பும் ஒன்றாக இல்லை. ஒன்று நீலம் கலந்த கறுப்பு, இன்னொன்று பழுப்பு கலந்த கறுப்பு. அவற்றைச் சேர வைப்பதற்குள் மார்ச் மாதம் வந்துவிட்டது. புதன்கிழமைதோறும் ரைன்ஹில்டே வந்தார். அடக்கம் ஏதாவது இருந்தால் வியாழக்கிழமை. சவ ஊர்தி வாரம் ஒரு தடவை வாசலில் நிற்பதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், ஃபிர்மினைக் காணும்போதெல்லாம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

வீட்டில் இப்போது ஒரு சட்டம். தண்ணீருக்குள் ஒரு தடவைக்கு ஒரே ஒரு படம். அதுவும் லுட்கார்ட் படித்துக் காட்டிய பிறகு. முதல் கட்டம் வெட்டித் தயாரானதும் அவர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, பஸ் குரலில் வாசித்தார். பெயர் சரி. வருடம் சரி.

"அவ்வளவுதானா? வாசகம் ஒண்ணும் வேண்டாமா?" என்று கேட்டார்.

ரைன்ஹில்டே தூரிகையை நக்கிக் கூர்மையாக்கினார்.

"ரொட்டிக்கடையோட 'சுடச்சுட, உங்கள் வாசலில்' மிச்சம் இருந்தாக் குடுங்க" என்றார்.